ஒரு துளிக் குருதியும் ஓர் இலக்கமும்

1980களின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னாலிருந்த சிறிய விறாந்தையில் நாள்தோறும் காலையில் ஓர் இரசாயனப் பரிசோதனை நடைபெறும். என் தந்தையார் சலரோகக்காரர். ஒரு சோதனைக் குழாயில் நீல நிறமான பெனடிக்ற் கரைசலை ஒரு தேக்கரண்டி அளவு ஊற்றி, அதில் எட்டுத் துளி சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் பிடித்துக் கொதிக்க வைப்பார். நீலம் நீலமாகவே இருந்தால் சிறுநீரில் சீனி இல்லை. பச்சையானால் சிறிதளவு உண்டு. மஞ்சள், செம்மஞ்சள் என்று நிறம் ஏற ஏறச் சீனியும் ஏறியிருக்கிறது என்று பொருள். செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்று வீட்டில் யாரும் உரத்துப் பேசமாட்டார்கள்.

தோன்றிய நிறத்தின் பெயரை ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதியிட்டு எழுதி வைப்பார். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியும் கூடவே போகும். வைத்தியர் புரட்டிப் பார்ப்பார். மருந்தைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். ஏனென்று சொல்லமாட்டார். தந்தையாரும் கேட்கமாட்டார். அக்காலத்தில் அதுவே முறையாக இருந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து எனக்கும் அதே நோய். விரல் நுனியில் ஓர் ஊசிக்குத்து, கடுகளவு குருதி, ஐந்து விநாடி. கையிலிருக்கும் கருவி ஓர் இலக்கத்தைக் காட்டுகிறது. இந்த இரண்டு காலைகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்று தேடிப் படித்தேன். பெரிய கருவியொன்று சிறிய கருவியான கதையாகவே இருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் ஒரு மனிதனின் உடலைப் பற்றிய தகவல் யார் கையில் இருக்கவேண்டும் என்ற நீண்ட வழக்கும் அதற்குள் இருந்தது.

நேற்றைய பத்திரிகை

சிறுநீர்ச் சோதனையின் குறையை முதலில் சொல்லவேண்டும். குருதியிலுள்ள குளுக்கோஸ், ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் கலந்து வெளியேறும். அதற்குக் கீழே 170 ஆயினும் 90 ஆயினும் 40 ஆயினும் சோதனைக் குழாய் சொல்லும் பதில் ஒன்றுதான்: நீலம். இன்சுலின் ஏற்றிக்கொள்பவருக்கு 40 என்பது மயக்கம். கவனியாது விட்டால் மரணம். அந்த ஆபத்தைக் கண்டுகொள்ளச் சிறுநீருக்கு வழியே இல்லை. அது சொல்லும் செய்தியும் சில மணி நேரம் பிந்தியது. சிறுநீர்ப் பையில் தேங்கி நின்றதையே அது காட்டுகிறது. பத்திரிகைக்காரன் என்ற முறையில் சொல்வதானால், நேற்றைய பத்திரிகையை இன்று படிப்பது போன்றது அது. அதுவும் செய்தியின் பாதியை விழுங்கிவிடும் பத்திரிகை.

ஆயினும் பல நூற்றாண்டுகளாக மனிதருக்குக் கிடைத்தது அந்தப் பத்திரிகை மட்டுமே. பண்டைய இந்திய வைத்தியர்கள் எறும்பு மொய்க்கும் சிறுநீரைக் கண்டு இந்நோயை இனங்கண்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தோமஸ் வில்லிஸ் நோயாளரின் சிறுநீர் தேன்போல் இனிக்கிறது என்று எழுதினார். அந்த இனிப்புச் சீனிதான் என்பதையும், நோயாளியின் குருதியும் இனிக்கிறது என்பதையும் லிவர்பூல் வைத்தியரான மத்தியூ டொப்சன் 1776இல் காட்டினார். என் தந்தையார் கொதிக்க வைத்த நீலக் கரைசல், அமெரிக்கரான ஸ்டான்லி பெனடிக்ற் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது. சீனி அக்கரைசலிலுள்ள செம்பின் சேர்வையை மாற்றிச் செந்நிறப் படிவாக்குவதே அந்த நிறமாற்றத்தின் காரணம்.

விளக்கும் கொதியும் இன்றி இதைச் செய்ய வழிகண்ட இடம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள எல்க்ஹார்ட் என்ற சிறு நகரம். அங்கிருந்த மைல்ஸ் நிறுவனம் அல்கா செல்ட்சர் என்ற நுரைக்கும் மாத்திரையால் பெயர் பெற்றது. அதன் துணை நிறுவனமான ஏம்ஸ் 1941இல் கிளினிடெஸ்ட் என்ற மாத்திரையை வெளியிட்டது. சில துளி சிறுநீரும் நீரும் கலந்த குழாயில் இட்டால், மாத்திரை தானே சூடேறிக் கொதித்து நிறம் காட்டும். 1956இல் அதே நிறுவனத்தில் பணியாற்றிய ஹெலன் ஃப்ரீ, அல்பிரட் ஃப்ரீ என்ற தம்பதியர் குழாயையும் தேவையற்றதாக்கினார்கள். கிளினிஸ்டிக்ஸ் என்ற கடதாசிக் குச்சியைச் சிறுநீரில் தோய்த்து எடுத்தால் போதும். சீனி இருந்தால் நீலமாகும். ஹெலன் ஃப்ரீ 2021இல், 98 வயதில் காலமானார். இன்று உலகெங்கும் வைத்தியசாலைகளில் பயன்படும் சிறுநீர்ச் சோதனைக் குச்சிகள் அந்தத் தம்பதியரின் வேலையின் வழிவந்தவை.

பூஞ்சணம் தந்த கொடை

அந்தக் குச்சியில் இருந்த சூட்சுமம் ஒரு நொதியம். டென்மார்க்கைச் சேர்ந்த டெட்லெவ் முல்லர் 1928இல் பூஞ்சணத்திலிருந்து பிரித்து ஆராய்ந்த குளுக்கோஸ் ஒக்சிடேஸ் என்பது அதன் பெயர். பெனடிக்ற் கரைசல் குளுக்கோஸை மட்டும் கண்டு நிறம் மாறுவதில்லை. வேறு சில சீனிகளும் சில மருந்துகளும் அதை ஏமாற்றிவிடும். இந்த நொதியமோ கூட்டத்தில் ஒரே ஒருவரைத் தேடி வந்தவர்போல் குளுக்கோஸையே பற்றிக்கொள்ளும். பற்றியதும் அதிலிருந்து இரண்டு இலத்திரன்களைப் பறித்து ஒட்சிசனிடம் கொடுக்கும். ஒட்சிசன் ஐதரசன் பெரொக்சைட்டாக மாறும். குச்சியிலுள்ள இரண்டாவது நொதியம் அந்தப் பெரொக்சைட்டைக் கொண்டு ஒரு சாயத்தை நிறம் மாறச் செய்யும். குளுக்கோஸ் எவ்வளவோ அவ்வளவு நிறம்.

இதே வித்தையைச் சிறுநீரை விட்டுக் குருதியில் செய்துகாட்டியது 1960களின் நடுப்பகுதியில் வெளிவந்த டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. குருதியே சிவப்பு, அதில் நிற மாற்றத்தை எங்ஙனம் பார்ப்பது? ஏம்ஸ் நிறுவனத்தின் ஏர்னி அடம்ஸ், சிவப்பணுக்களை வெளியே நிறுத்திக் குளுக்கோஸை மட்டும் உள்ளே விடும் மெல்லிய படலமொன்றைப் பட்டையின் மேல் அமைத்தார். பெரிய துளி குருதியை இட்டு, மணிக்கூட்டைப் பார்த்து 60 விநாடி பொறுத்து, நீரைப் பீய்ச்சிக் கழுவி, எஞ்சிய நீலத்தை நிற அட்டையோடு ஒப்பிடவேண்டும். 50 விநாடியில் கழுவினால் ஒரு விடை, 70இல் கழுவினால் வேறொரு விடை. ஒருவர் கண்ணுக்குப் பட்ட நீலம் மற்றவர் கண்ணுக்குப் படாது.

கண்ணின் இடத்தில் ஒளிக்கருவியை வைத்தவர் அதே நிறுவனத்தின் அன்டன் கிளெமன்ஸ். பட்டையில் ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியை அளந்து, முள் நகரும் தட்டில் காட்டும் அவரது கருவி 1970ஆம் ஆண்டளவில் விற்பனைக்கு வந்தது. ஒரு கிலோகிராமுக்கும் அதிகமான எடை. பல நூறு டொலர் விலை. வீட்டுக் குளுக்கோமீற்றரின் பாட்டன் என்று இதைச் சொல்லலாம். ஆனால் இது வீட்டுக்கென்று செய்யப்படவில்லை. நள்ளிரவில் நினைவிழந்து கொண்டுவரப்படுபவர் மது மயக்கத்தில் இருக்கிறாரா, சீனி குறைந்து கிடக்கிறாரா என்று, ஆய்வுகூடம் மூடியிருக்கும் வேளையில் அறிய வைத்தியசாலைகளுக்கு உதவும் என்பதே விளம்பரம். வைத்தியர் அல்லாதவருக்கு அதை விற்கமாட்டார்கள்.

மனைவியின் பெயரில் வந்த பெட்டி

நியூயோர்க் புரூக்ளினில் 1934இல் பிறந்தவர் ரிச்சர்ட் பேர்ன்ஸ்டைன். 12ஆம் வயதில் முதலாம் வகை நீரிழிவு கண்டது. படித்துப் பொறியியலாளர் ஆனார். வைத்தியர்கள் சொன்னபடியே நடந்தும் முப்பதுகளிலேயே சிறுநீரகப் பாதிப்பு உள்ளிட்ட சிக்கல்கள் அவரைப் பற்றிக்கொண்டன. 1969இல் ஒரு தொழிற்சஞ்சிகையில் இக்கருவியின் விளம்பரத்தைக் கண்டார். வாங்கக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். அவருடைய மனைவி ஒரு மருத்துவர். மனைவியின் பெயரில் அனுப்பாணை கொடுத்து அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

நாளொன்றுக்கு ஐந்து முதல் எட்டுத் தடவை அளந்தார். பொறியியலாளன் யந்திரத்தைப் பார்க்கும் கண்ணால் தம் உடலைப் பார்த்தார். காலையில் ஒரே தடவையாக ஏற்றிய இன்சுலின் தம் குருதிச் சீனியை ஒரே நாளில் மிகக் கீழேயும் மிக மேலேயும் தூக்கி எறிவதைக் கண்டார். உணவையும் இன்சுலினையும் சிறு அளவுகளாகப் பிரித்து அமைத்து, அளவை ஏறத்தாழச் சமநிலைக்குக் கொண்டுவந்தார். கண்டதைக் கட்டுரையாக எழுதி மருத்துவ ஏடுகளுக்கு அனுப்பினார். ஏற்பார் இல்லை. நோயாளிகள் வீட்டில் தாமே குருதியைச் சோதிப்பது நடக்கக்கூடிய காரியம் என்று அன்றைய மருத்துவ உலகம் நம்பவில்லை. சீனியை அவ்வளவு கட்டுப்பாட்டில் வைப்பதால் பயன் உண்டென்பதும் அன்று நிறுவப்பட்டிருக்கவில்லை.

பேர்ன்ஸ்டைன் செய்தது வியப்புக்குரியது. மருத்துவப் பட்டம் இல்லாதவன் பேச்சு அம்பலம் ஏறாதென்றால் அந்தப் பட்டத்தையே பெற்றுவிடுவோம் என்று தீர்மானித்து, 1979இல், 45ஆம் வயதில் மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். வைத்தியராகி, நீரிழிவு நோயாளருக்கே பணியாற்றினார். மாச்சத்தை மிகக் குறைத்த அவருடைய உணவு முறை இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் இளமையிலேயே உடல் தளர்ந்த அந்த மனிதர் 2025 ஏப்ரலில், தம் 90ஆம் வயதில்தான் மறைந்தார் என்பது விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

இதனிடையே பிரித்தானியாவிலும் கதவு திறக்கத் தொடங்கியிருந்தது. 1978இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் பீற்றர் சொங்சன் குழுவினரும், நொட்டிங்ஹாமில் ரொபேர்ட் டாற்றர்சோல் குழுவினரும் தனித்தனியே தங்கள் நோயாளரின் கையில் கருவியையும் பட்டைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண மனிதர்கள் வீட்டிலிருந்து நம்பத்தக்க முறையில் அளந்தார்கள். சீனியும் கட்டுக்குள் வந்தது. இரு குழுக்களின் முடிவுகளும் அதே ஆண்டில் லான்செட் ஏட்டில் வெளிவந்தன.

கட்டுப்பாட்டால் பயன் உண்டா என்ற பெரிய கேள்விக்குத் தீர்ப்பு வர மேலும் 15 ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நீரிழிவுள்ள 1,441 தொண்டர்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 1993இல் வெளிவந்தது. தினமும் குறைந்தது நான்கு தடவை அளந்து அதற்கேற்ப இன்சுலின் எடுத்தவர்களில், விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் ஆபத்து 76 சதவீதம் குறைந்திருந்தது. சிறுநீரகமும் நரம்புகளும் பெருமளவு காக்கப்பட்டன. இரண்டாம் வகை நோயிலும் சீனியைக் கட்டுப்படுத்துவது பயன் தரும் என்று பிரித்தானியாவின் பெரும் ஆய்வு 1998இல் சொன்னது.

நிறத்திலிருந்து மின்னுக்கு

இன்று நம் கையிலுள்ள பட்டைகள் பெரும்பாலும் நிறம் மாறுவதில்லை. குளுக்கோஸிடமிருந்து நொதியம் பறித்த இலத்திரன்களைச் சாயத்துக்குக் கொடுப்பானேன், அவற்றையே நேராக எண்ணிவிட்டால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்தவை இவை. நொதியத்தையும் மின்வாயையும் இணைக்கும் வழியை 1962இல் முன்வைத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த லீலண்ட் கிளார்க். ஆனால் அம்முறை ஒட்சிசனை நம்பியிருந்தது. குருதியில் ஒட்சிசன் கூடிக் குறைந்தால் அளவும் தளம்பும்.

அந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட், கிரன்ஃபீல்ட் ஆய்வாளர்கள். ஒட்சிசனுக்குப் பதிலாக ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்வையை இடைத்தரகராக வைத்தார்கள். நொதியத்திடம் இலத்திரனை வாங்கி மின்வாயில் கொண்டுபோய்க் கொடுப்பதும், வெறுங்கையோடு திரும்பி வந்து மீண்டும் வாங்குவதுமே அதன் வேலை. 1984இல் இதை வெளியிட்டார்கள். 1987இல் பேனா வடிவில் ஒரு கருவி கடைக்கு வந்தது. குருதியைக் கழுவவோ துடைக்கவோ வேண்டியதில்லை. 30 விநாடியில் விடை.

மருந்தகத்தில் ‘ஸ்ட்ரிப்’ என்று கேட்டு வாங்கும் அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டு ஓர் ஆய்வுகூடம். நுனியிலுள்ள மயிரிழை போன்ற வாய்க்கால் குருதியைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே நொதியமும் இடைத்தரகரும் உலர்ந்து காத்திருக்கின்றன. கருவி மிகச் சிறு மின்னழுத்தத்தைக் கொடுத்து, பாயும் மின்னோட்டத்தை அளக்கிறது. சீனி கூடினால் இலத்திரன் கூடும். இலத்திரன் கூடினால் மின்னோட்டம் கூடும். அதை இலக்கமாக மாற்றித் திரையில் காட்டுவதே மிச்ச வேலை.

இப்படியான கருவியொன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. 1991இல், லண்டனிலிருந்த என் மாமனார் கொழும்பு வந்த ஒருவர் மூலம் அனுப்பி, பல கை மாறிக் குடாநாட்டை அடைந்தது. கொப்பியில் முதன்முறையாக நிறத்தின் இடத்தில் இலக்கம் எழுதப்பட்டது. மாலை வேளைகளில் தமக்கு ஏற்படும் நடுக்கம் முதுமையினால் அல்ல, சீனி 60க்குக் கீழ் இறங்குவதனால் என்று தந்தையார் தாமே கண்டுபிடித்தார். கிளினிக்கில் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டார். மருந்தின் அளவு மாற்றப்பட்டது; நடுக்கம் நின்றது.

சில மாதங்களில் கருவியின் மின்கலம் தீர்ந்தது. அந்நாட்களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் அடங்கியிருந்தன. இன்சுலினை மட்பானையில் ஈரமணலுக்குள் புதைத்துக் காத்த காலம் அது. பட்டைகள் புட்டியில் மிச்சமிருந்தன. அவற்றைப் படிக்க வழியில்லை. தந்தையார் பழைய சோதனைக் குழாயைத் தேடி எடுத்தார். ஸ்பிரிட் கிடைக்காமையால் ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றிய விளக்கில் கொதிக்க வைத்தார். கரி படிந்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிறம் பார்த்தார். கொப்பியில் இலக்கங்கள் நின்று, மறுபடியும் நிறங்கள் தொடங்கின. 1994இல் சிறுநீரகங்கள் செயலிழந்து அவர் காலமானார். மின்கலம் இருந்திருந்தால் அவர் நெடுநாள் வாழ்ந்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன், நோய் நெடுங்காலத்தது. ஆனால் தெரிந்துகொண்ட ஒருவரிடமிருந்து அந்தத் தெரிவு மீளப் பறிக்கப்பட்டதை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

இலக்கத்தைப் படிக்கும் முறை

இலக்கம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. அதைப் படிக்கவும் தெரியவேண்டும். ரொறன்ரோவிலுள்ள என் தங்கை ஒருமுறை தொலைபேசியில் தனக்குச் சீனி 9 என்றாள். ‘ஒன்பதுதானே, எனக்கு நூற்றி நாற்பது’ என்று அம்மா ஆறுதல் கூறினார். உண்மையில் தங்கையின் சீனியே கூடுதல். இலங்கையிலும் இந்தியாவிலும் டெசிலீற்றருக்கு மில்லிகிராம் என்று அளக்கிறோம். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளில் லீற்றருக்கு மில்லிமோல். அந்த இலக்கத்தை 18ஆல் பெருக்கினால் நம் இலக்கம் வரும்: 9 என்பது 162. உலகெங்கும் சிதறி வாழும் நம் குடும்பங்கள் இந்தப் பெருக்கலை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

இலக்கம் வேதவாக்கும் அன்று. 2013இல் வெளியான அனைத்துலக நியமத்தின்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 விடைகள் ஆய்வுகூட அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் நின்றால் கருவி தேறிவிடும். ஆய்வுகூடத்தில் 126 ஆக இருப்பது கருவியில் 107 என்றும் வரலாம், 145 என்றும் வரலாம், இரண்டும் குற்றமில்லை. எனவே நோய் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பதை ஆய்வுகூடத்துக்கே விடவேண்டும். மாம்பழம் உரித்த கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால் பழத்தின் சீனியையும் சேர்த்தே கருவி எண்ணும். பட்டைப் புட்டியைத் திறந்து வைத்தால் நம் கடலோரக் காற்றின் ஈரம் நொதியத்தைக் கெடுத்துவிடும். குருதிச்சோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் உள்ளதைவிடக் கூட்டியே காட்டும்.

பிழையான இலக்கம் உயிரையும் வாங்கும். ஒருவகை நொதியம் கொண்ட பட்டைகள், சிறுநீரக நோயாளருக்கு வயிற்றறையினூடாகக் குருதி சுத்திகரிக்கும் ஒரு கரைசலிலிருந்து உண்டாகும் மோல்ற்றோஸ் என்ற சீனியையும் குளுக்கோஸாக எண்ணின. இல்லாத சீனிக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. 1997 முதல் 2009 வரை இவ்வாறு 13 மரணங்கள் தமக்கு அறிவிக்கப்பட்டதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. விரலைக் குத்தாமலே சீனியை அளப்பதாகக் கூறி விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பவேண்டாம் என்று அதே நிர்வாகம் 2024இல் எச்சரித்தது. தோலின்மேல் ஒட்டிக்கொண்டு சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவு சொல்லும் உணரிகள் வேறு. அவற்றின் நுண்ணிழை தோலுக்குள் செல்கிறது. அதன் நுனியிலும் பெரும்பாலும் அதே பழைய பூஞ்சண நொதியந்தான் இருக்கிறது.

யாருக்கு இலக்கம்?

கருவியை இன்று மலிவாகவும் சில வேளை இலவசமாகவும் தருகிறார்கள். வியாபாரம் பட்டையில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பட்டை மற்றதன் கருவியில் வேலை செய்யாது. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பட்டை. பிறகு அது குப்பை. கண்ணால் நிறம் பார்த்த பட்டைகளை முன்னாளில் ஏழைகள் நீளவாக்கில் வெட்டி இரண்டாக்கிப் பயன்படுத்தினார்கள். மின்னோட்டப் பட்டையை அவ்வாறு வெட்டவும் இயலாது. 2022இல் எங்கள் நாணயம் சரிந்தபோது, தினமும் அளந்த நான் வாரம் ஒருமுறை அளப்பவனானேன். என் தெருவில் அதுவும் இயலாதவர்கள் இருந்தார்கள்.

எல்லோருக்கும் ஒரே அளவு பயனும் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இன்சுலின் எடுக்காத இரண்டாம் வகை நோயாளர் அடிக்கடி அளப்பதால் கட்டுப்பாடு குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை என்று 2007இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்று கூறியது. அதில் எனக்கு வியப்பில்லை. இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் கருவியை மூடி வைத்தால் என்ன பயன்? பேர்ன்ஸ்டைனை மாற்றியது இலக்கம் மட்டுமன்று. இலக்கத்தைக் கண்டபின் உணவையும் மருந்தையும் மாற்றத் தமக்கு உரிமை உண்டென்று அவர் எண்ணியதே. செய்திக்கும் அவ்வாறே. படித்துவிட்டு மடித்து வைக்கும் செய்தி யாரையும் காப்பதில்லை.

தந்தையாரின் கொப்பி என்னிடம் இருக்கிறது. நீலம், பச்சை, பச்சை, செம்மஞ்சள் என்று பக்கம் பக்கமாக நிறங்கள். நடுவில் சில மாதங்களுக்கு மட்டும் இலக்கங்கள். அந்த இலக்கங்கள் உள்ள பக்கங்களில்தான் ஓரத்தில் பென்சிலால் அவருடைய சொந்தக் குறிப்புகள் காணப்படுகின்றன. ‘மாலை நடுக்கம் – 58’, ‘புட்டு அரைவாசி – 132’. நிறங்கள் உள்ள பக்கங்களின் ஓரங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன.